அல் அஹ்ஸாவில் வந்த புண்: நம் ஊர் மணல் ஈக்களால் லீஷ்மேனியாசிஸ் பரவுமா?

கீழக்கரை நெய்தல் (கேள்வி)

எங்கள் சாச்சா சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியான அல் அஹ்ஸாவில் ஒரு பேரீச்சந்தோப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் தை மாதத்தில் ஊர் வந்து சேர்ந்தார். வரும்போதே முழங்கைக்குக் கீழே இரண்டு புண்களும் கணுக்காலுக்கு அருகில் ஒன்றும் இருந்தன. ஓரம் தடித்து மேடாகவும், நடுவில் பள்ளமாகப் பொருக்குத் தட்டியும் இருக்கும் இந்தப் புண்களில் வலி பெரிதாக இல்லை என்கிறார். சர்க்கரை நோயால் வந்த புண்ணாக இருக்கலாம் என்று முதலில் கொடுக்கப்பட்ட ஆன்டிபயாடிக் மாத்திரைகளால் பலன் ஏதும் கிடைக்கவில்லை. அங்கே அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்தவர்களுக்கும் இதே போன்ற புண் வந்ததாகவும், அது மணல் ஈ கடிப்பதால் வரும் லீஷ்மேனியாசிஸ் என்று அங்குள்ள மருத்துவர் கூறியதாகவும் இப்போதுதான் சொல்கிறார். இங்கே ஒரு தனியார் ஆய்வகத்தில் ‘ஆர்கே 39’ என்ற இரத்தப் பரிசோதனை செய்தோம். நோய் இல்லை என்று முடிவு வந்தது.

இந்தச் செய்தி தெருவில் பரவியதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. அவருடைய பாயையும் தலையணையையும் எரித்துவிட வேண்டும் என்று ஒரு பெரியவர் சொல்கிறார். பிள்ளைகளை அவர் அருகில் விடக்கூடாது என்று இன்னொருவர் சொல்கிறார். என் கவலை வேறு. மாலையில் கடற்கரைப் பக்கம் போய் உட்கார்ந்தால், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு பூச்சிகள் காலில் கடித்து, மறுநாள் வரை அரிக்கின்றன. ஊரில் எல்லாரும் அவற்றை மணல் ஈ என்றுதான் சொல்கிறோம். அவை சாச்சாவைக் கடித்துவிட்டு எங்களையும் கடித்தால் நோய் பரவாதா? எங்கள் கொல்லையில் ஆடுகள் இருக்கின்றன. தெருவில் நாய்களும் நிறைய. அவற்றால் நோய் ஊரில் தங்கிவிடும் ஆபத்து உண்டா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் வீட்டில் வாசித்துக் காட்டுவேன்.

பழைய பூச்சிக்காரன்

பொதுச் சுகாதாரத் துறையில் பூச்சியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நோயாளியை மருத்துவர்களிடம் விட்டுவிட்டு, ஈயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கடற்கரையில் உங்களைக் கடிப்பது பெரும்பாலும் இந்த நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியைச் சுமக்கும் ஈ அன்று. அலையாத்திக் காடுகளின் சேற்றிலும், ஓதம் ஏறி இறங்கும் ஈரமண்ணிலும் பெருகும் குலிகாய்ட்ஸ் என்ற கடிபூச்சி வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. காரங்காட்டுப் பக்கம் மாலையில் படகில் சென்றவர்களுக்கு அதை நன்றாகத் தெரிந்திருக்கும். அது மனிதருக்கு இந்த லீஷ்மேனியாவைப் பரப்புவதில்லை. உண்மையான மணல் ஈக்குக் கடற்கரையே ஒத்துவராது. 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளமும், உடல் முழுவதும் மென்மயிரும், உட்காரும்போது மேல்நோக்கி V போல விரிந்து நிற்கும் சிறகுகளும் கொண்ட அந்த ஈ நீண்ட தூரம் பறக்காது; தத்தித் தத்திக் குறுகிய தாவல்களாகவே நகரும்; கடற்காற்று சற்றுப் பலமாக அடித்தால் இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பாது. பகலில் மண்சுவர் வெடிப்பு, மாட்டுக் கொட்டகையின் இருட்டு மூலை, எலி வளை, மரப்பொந்து ஆகியவற்றில் அடங்கியிருந்து இரவில் சத்தமில்லாமல் வந்து கடிக்கும். கொசுவைப் போல நீரில் முட்டையிடுவதும் இல்லை. சாணமும் சருகும் மட்கிய, நிழலும் ஈரப்பதமும் உள்ள மண்ணில்தான் அதன் புழுக்கள் வளர்கின்றன. ஆகவே தேடிப் பார்க்க வேண்டிய இடம் உங்கள் வீட்டுக் கொல்லை.

அங்கும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழகத்து வீட்டுச் சுவர்களில் அகப்படும் மணல் ஈக்களில் ஒரு பெரும்பங்கு செர்ஜென்டோமையா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றில் பல, பல்லி, ஓணான் போன்றவற்றின் இரத்தத்தையே விரும்புகின்றன. நாம் கவனிக்க வேண்டியது ஃபிளெபோடோமஸ் பேரினம். அதிலும் ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்ற ஒன்றுதான் இந்தியாவில் காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலைப் பரப்புவது. அது தமிழகத்திலும் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் அது உங்கள் சாச்சாவைக் கடித்தால் என்ன ஆகும்? ஈ ஓர் ஊசியைப் போல இரத்தத்தை ஒருவரிடமிருந்து எடுத்து அடுத்தவருக்குள் செலுத்திவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நடப்பது அதுவன்று. பெண் ஈ தன் குட்டையான வாயுறுப்பால் தோலைக் கீறி, அங்கே ஊறும் இரத்தத்தை உறிஞ்சுகிறது. அப்போது புண்ணின் ஓரத்தில் உள்ள வெள்ளணுக்களில் தங்கியிருக்கும் ஒட்டுண்ணிகளும் சேர்ந்து உள்ளே போகின்றன. மனித உடலில் உருண்டையாக, அசையாமல் இருந்தவை ஈயின் நடுக்குடலில் நீண்டு, கசையிழை பெற்று நீந்தத் தொடங்குகின்றன. உறிஞ்சிய இரத்தத்தைச் சுற்றி ஈயின் குடல் ஒரு மெல்லிய உறையைச் சுரந்து மூடிவிடுகிறது. செரிமான நொதிகள் அதற்குள்ளேயே வேலை செய்கின்றன. அந்த நொதிகளுக்குத் தப்பிப் பிழைத்து, உறை சிதையும்போது வெளியேறி, குடற்சுவரைப் பற்றிக்கொள்ளாத ஒட்டுண்ணிகள் எல்லாம் செரித்த இரத்தத்தின் கழிவோடு வெளியே தள்ளப்பட்டுவிடுகின்றன. முதல் சில நாட்களில் நடக்கும் இந்த நிகழ்ச்சிதான் ஓர் ஈ நோய்பரப்பியா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

பற்றிக்கொள்வதற்கு ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் உதவுகின்றன. அல் அஹ்ஸாவில் பரவலாக இருக்கும் லீஷ்மேனியா மேஜர் என்ற இனத்தின் சங்கிலியில் கேலக்டோஸ் கிளைகள் உண்டு. அங்குள்ள ஃபிளெபோடோமஸ் பப்பாட்டாசி என்ற ஈயின் குடற்சுவரில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. அந்தப் பொருத்தத்தால்தான் பப்பாட்டாசி மேஜரைத் தங்கவைத்துக்கொண்டு, மற்ற இனங்களைப் பெரும்பாலும் கழித்துவிடுகிறது.

தங்கியவை பெருகி, முன்னோக்கி நகர்ந்து, ஈயின் தொண்டைக்கு அருகில் கூட்டமாகச் சேர்ந்து பிசின் போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. அதனால் அந்த இடம் அடைத்துக்கொள்கிறது. அங்குள்ள வால்வும் சிதைகிறது. மணல் அடைத்த அடிகுழாயை எவ்வளவு அடித்தாலும் நீர் சரியாக ஏறாததைப் போல, இந்த ஈயால் ஒரே மூச்சில் இரத்தத்தை உறிஞ்ச முடிவதில்லை. மீண்டும் மீண்டும் குத்துகிறது. ஒவ்வொரு முயற்சியிலும் பிசினையும் அதில் சிக்கிய ஒட்டுண்ணிகளையும் தோலுக்குள் கக்குகிறது. தொற்றுள்ள ஈ தொற்றில்லாத ஈயைவிட விடாப்பிடியாகக் கடிப்பது சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. ஒட்டுண்ணி தன் பயணத்துக்காக ஈயின் பசியைத் தீர விடாமல் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. இவ்வளவுக்கும் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஈயின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதால் பெரும்பாலான ஈக்கள் அந்தக் கட்டத்தை எட்டுவதற்குள் மடிந்துவிடுகின்றன. நோய் நிலைகொண்ட பீகார் கிராமங்களில்கூடப் பிடிக்கப்படும் அர்ஜென்டிபெஸ் ஈக்களில் மிகச் சிறிய பங்கில் மட்டுமே தொற்று காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அடைப்பைக் கண்டுகொள்ளாமல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலம் தவித்த கதையையும் சொல்ல வேண்டும். 1903-ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவனும், கல்கத்தா அருகே டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மனும் இந்த ஒட்டுண்ணியைக் கண்டதாக வெளியிட்டார்கள். இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டவர் ரொனால்ட் ராஸ். 1924-இல் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகிய மூவரும் அர்ஜென்டிபெஸ் ஈயின் குடலில் அது வளர்வதைக் காட்டினார்கள். ஆனால் அந்த ஈ கடித்து மனிதருக்கு நோய் வருவதை நிரூபிக்க 1942 வரை ஆயிற்று. தொற்றேறிய ஈக்களுக்கு அடுத்த உணவாக உலர்திராட்சையைக் கொடுத்து வளர்த்தபோது ஒட்டுண்ணிகள் பெருகித் தொண்டையை அடைப்பதை ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் கண்ட பிறகுதான் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோரின் அசாம் சோதனை தன்னார்வலர்களிடம் வெற்றி பெற்றது. இரண்டாவது முறை இரத்தம் குடித்தால் ஒட்டுண்ணிகள் குறைந்துவிடும் என்ற கருத்து இதனால் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது: மறுமுறை இரத்தம் குடிக்கும்போது முதிர்ந்த ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதி மீண்டும் பெருகும் நிலைக்குத் திரும்பி எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்டுகிறது என்று அது காட்டியது. அடிக்கடி இரத்தம் குடிக்கும் ஈயே அதிக ஆபத்தானது என்று இப்போது கருத வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அல் அஹ்ஸாவில் நோயைத் தாங்கி நிற்பது மனிதனல்ல, பாலைவனத்தில் உவர்ச்செடிகளைத் தின்று வளை தோண்டி வாழும் பருத்த மணல் எலி. பப்பாட்டாசி அந்த வளைக்குள்ளேயே வாழ்ந்து, எலியைக் கடித்து, வழியில் வரும் மனிதனையும் கடிக்கிறது. அந்த எலி இராமநாதபுரத்தில் இல்லை. அர்ஜென்டிபெஸின் குடல் சற்றுத் தாராளமானது, ஒன்றுக்கு மேற்பட்ட லீஷ்மேனியா இனங்களை ஆய்வகத்தில் அது வளரவிடுவது தெரிந்ததே. என்றாலும் எலியும் வளையும் அதற்குள் வாழும் ஈயும் சேர்ந்த சுழற்சி இல்லாத இடத்தில் மேஜர் நிலைகொள்வதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆடுகள் இந்த ஒட்டுண்ணியின் சேமக்கிடங்கு அல்ல. நாய்களைச் சார்ந்து நிற்பது மத்தியதரைக் கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் உள்ள லீஷ்மேனியா இன்ஃபன்டம் என்ற வேறு இனம்.

பரமக்குடி தோல் மருத்துவர்

மேலே எழுதிய பெரியவர் விட்ட இடத்திலிருந்து நோயாளியின் பக்கத்தை எழுதுகிறேன். படம் பார்க்காமலும் நேரில் சோதிக்காமலும் யாருடைய புண்ணுக்கும் பெயர் வைக்கக் கூடாது என்பதால், இதை ஆலோசனையாக மட்டும் கொள்ளுங்கள்.

முதலில் இரத்தப் பரிசோதனை. ஆர்கே 39 என்பது மண்ணீரலும் கல்லீரலும் பாதிக்கப்படும் காலா அசாருக்கு உரியது. காய்ச்சல் நீடித்து, மண்ணீரல் வீங்கிய நோயாளியிடம் அது மிகவும் பயன்படும். தோலில் மட்டும் புண் உள்ளவரிடம் அது இல்லை என்று வந்தால், தோல் லீஷ்மேனியாசிஸ் இல்லை என்று பொருளாகாது. அந்தத் தாளைக் கோப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். புண்ணின் நடுவிலிருந்து அல்லாமல், தடித்த ஓரத்திலிருந்து சிறிது திசுவைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் முதல் பரிசோதனை. வெள்ளணுவுக்குள் சிறு உருண்டைகளாக எல்.டி. உருக்கள் எனப்படும் இந்த ஒட்டுண்ணிகள் தெரிந்தால் நோய் உறுதி. தெரியாவிட்டாலும் ஐயம் தீராது. திசுத் துண்டு எடுத்து, மரபணுவைப் பார்க்கும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்த இனம் என்பதும் தெரியவரும். இனம் தெரிவது முக்கியம். சவூதியிலேயே தென்மேற்கு மலைப்பகுதிகளில் லீஷ்மேனியா ட்ரோபிகா என்ற இனம் உண்டு. அதன் புண் வறண்டும், ஆறுவதற்கு ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டும் இருக்கும். மேஜரின் புண் ஈரமாகவும் சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் வடு விட்டுத் தானே ஆறிவிடும்.

கடித்த பிறகு புண் தோன்ற வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும். கோடையில் கடி வாங்கியவர்களுக்குக் குளிர்காலத்தில் புண் தலைகாட்டுவது அந்தப் பகுதியில் வழக்கமானது. தை மாதத்தில் ஊர் வந்தார் என்பது அதோடு பொருந்துகிறது. ஆனால் நம் கடற்கரையில் இதே தோற்றத்தில் வேறு பல புண்களைப் பார்க்கிறோம். தோல் காசநோய், தொழுநோய், ஸ்போரோட்ரைகோசிஸ் என்ற பூஞ்சை நோய் ஆகியவற்றை ஒதுக்கிப் பார்க்க வேண்டும். மீன் செதிலும் முள்ளும் கீறிய கையில் வரும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமியின் புண்ணைக் கடல் தொழில் செய்பவர்களிடம் மறக்கவே கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் எந்தப் புண்ணும் ஆறத் தாமதமாகும் என்பதால், அந்த அளவையும் கட்டுப்படுத்தச் சொல்லுங்கள்.

சிகிச்சை புண்ணின் எண்ணிக்கை, இடம், இனம் ஆகியவற்றைப் பொறுத்தது. சிறு புண்களுக்குள்ளேயே ஆன்டிமனி மருந்தைச் செலுத்துவது, திரவ நைட்ரஜனால் உறையவைப்பது, மருத்துவ வெப்பக் கருவியால் அளவாகச் சூடேற்றுவது என்று பல வழிகள் இருக்கின்றன. மூட்டுக்கு அருகில், முகத்தில், அல்லது அதிக எண்ணிக்கையில் இருந்தால் வேறு மருந்துகள் யோசிக்கப்படும். புண்ணின் மேல் பச்சிலை அரைத்துக் கட்டுவதையும், சூடு போடுவதையும், அமிலம் தடவுவதையும் செய்ய வேண்டாம்; அதனால் அழுகி வரும் நோயாளிகளிடம் பரிசோதனை செய்வதே கடினமாகிவிடுகிறது.

தொட்டால் ஒட்டாது. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே தட்டில் உண்டாலும், பிள்ளைகள் மடியில் உட்கார்ந்தாலும் பரவாது. பாயை எரிப்பதால் நஷ்டத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. புண்ணைச் சுத்தமான துணியால் மூடி வைப்பது மட்டும் போதும். ஈ அங்கே உட்கார்ந்து உறிஞ்சவும் முடியாது.

மண்டபம் முகாம் வாசி

பூச்சிக்காரர் ஐயா எழுதியதில் ஓர் இடம் எனக்குப் போதவில்லை. அல் அஹ்ஸாவின் ஒட்டுண்ணி நம் கரையில் நிலைகொள்ளாது என்பது சரியாக இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லி முடித்துவிட்டால், கடலுக்கு அப்பால் நடப்பதைப் பார்க்காமல் விட்டதாகிவிடும்.

இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய தோல் லீஷ்மேனியாசிஸ் முதன்முதலில் 1992-இல் பதிவாயிற்று. தொடக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களில் காட்டுப் பகுதிகளில் பணியாற்றிய படைவீரர்கள் பலர். பிறகு தெற்கே அம்பாந்தோட்டை, மாத்தறை, வடமத்தியில் அனுராதபுரம், பொலன்னறுவை என்று பரவி, 2008-இல் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே தோலில் புண்ணை உண்டாக்குவது மேஜரும் அன்று, ட்ரோபிகாவும் அன்று; பீகாரில் காலா அசாரை உண்டாக்கும் அதே லீஷ்மேனியா டோனவானியின் ஒரு வகை. பரப்புவதும் அர்ஜென்டிபெஸ் ஈதான். ஒட்டுண்ணிக்கும் நம் கொட்டகை ஈக்கும் பொருத்தம் பார்ப்பதென்றால், சவூதியிலிருந்து வந்தவரைவிட அனுராதபுரத்தில் உறவினர் வீட்டில் சில மாதங்கள் தங்கிவிட்டு வருபவரைப் பற்றியே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் உறவினர்கள் இரு கரையிலும் இருப்பதால் இது எங்களுக்கு ஏட்டுக் கேள்வி அன்று. அதே சமயம், இதைச் சொல்லி முகாம்காரர்களையோ மீனவர்களையோ யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது என்ற அச்சமும் இருக்கிறது.

பழைய பூச்சிக்காரன்

இந்தத் திருத்தம் தேவையானதுதான். அதை ஏற்று மேலும் சிலவற்றைச் சேர்க்கிறேன். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல். சில நூறு மீட்டருக்கு மேல் பொதுவாகப் போகாத ஈ அதைக் கடந்து வராது. வந்தால் மனிதரின் தோலில்தான் ஒட்டுண்ணி வர முடியும். ஆனால் அதற்குக் கடல் கடக்கவே வேண்டியதில்லை: கேரளத்தின் அகத்தியமலைப் பக்கம் காணி பழங்குடியினரிடம் காணப்பட்ட தோல் புண்களிலும் டோனவானி கண்டறியப்பட்டிருக்கிறது, அங்கும் ஐயத்துக்குரியது அர்ஜென்டிபெஸ்தான். ஆகவே நம் பக்கத்து ஈயால் முடியாது என்று எவரும் சொல்ல இயலாது.

பிறகு ஏன் நம் மாவட்டத்தில் அப்படி ஒரு பரவலைக் காணவில்லை என்று கேட்கலாம். ஒட்டுண்ணி நிலைகொள்ள வேண்டுமென்றால், தொற்றுள்ள மனிதர்கள் போதிய எண்ணிக்கையிலும், அவர்கள் படுக்கும் இடத்துக்கு அருகிலேயே ஈக்கள் அடர்த்தியாகவும், அந்த ஈக்கள் இரண்டு வாரம் பிழைத்திருக்கும்படியான ஈரப்பதமும் ஒரே இடத்தில் சேர வேண்டும். பீகாரின் வண்டல் சமவெளியில் மாட்டுக் கொட்டகையும் மண்வீடும் ஒரே கூரையின் கீழ் இருப்பது போன்ற அமைப்பு நம் கரையோர மணலிலும் உப்பளத் தரையிலும் அரிது. ஆனால் உள்ளே தள்ளி, கண்மாய்க் கரையோரக் கிராமங்களில் கொட்டகைகள் உண்டு. அங்கெல்லாம் ஈயே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

விரல் நீட்டுவது பற்றிய அச்சம் நியாயமானது. பீகார், ஜார்க்கண்டிலிருந்து இங்கே கட்டட வேலைக்கும் இறால் பண்ணைக்கும் வருபவர்களைப் பற்றியும் இதே பேச்சு எழக்கூடும். பீகாரில் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயுற்றவர்களையும், குணமான பிறகு தோலில் திட்டும் முடிச்சும் தோன்றியவர்களையும் கடித்த ஈக்களுக்குத் தொற்று ஏறியது. தொற்றிருந்தும் அறிகுறி ஏதும் இல்லாதவர்களைக் கடித்த ஈக்களுக்கு ஏறவில்லை. அதனால் செய்ய வேண்டியது எவரையும் விலக்கிவைப்பதல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் அவர்கள் கூலியை இழக்காமல் மருத்துவமனைக்குப் போக வழிசெய்வதும், காலா அசாரையும் நினைவில் வைத்துச் சோதிப்பதும்தான். இந்தியாவில் காலா அசார் நிலைகொண்ட பகுதி பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்கள். அங்கும் எண்ணிக்கை மிகவும் இறங்கிவிட்டது.

கீழக்கரை நெய்தல்

ஐயா இருவருக்கும் மண்டபத்து அண்ணனுக்கும் நன்றி. வீட்டில் வாசித்துக் காட்டினேன். பாயை எரிக்கும் பேச்சு நின்றுவிட்டது. சாச்சாவை அடுத்த வாரம் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். இன்னும் இரண்டு கேள்விகள். கொல்லையில் ஆட்டுக் கொட்டகைக்கு அருகில்தான் அவர் கட்டில் போட்டுப் படுக்கிறார். சாதாரணக் கொசுவலை போதுமா? எங்கள் வீட்டில் இந்த ஈ இருக்கிறதா என்று நாங்களே பார்த்துக்கொள்ள வழி உண்டா?

பழைய பூச்சிக்காரன்

கட்டிலை உடனே இடம் மாற்றுங்கள். அதற்கு எந்தச் செலவும் இல்லை. கொட்டகையிலிருந்து தள்ளி, மாடியிலோ காற்றோட்டமுள்ள முற்றத்திலோ போட்டு, மின்விசிறி ஒன்றை அவர் மேல் படும்படி வைத்தால், இந்தப் பலவீனமான ஈ அருகில் வரத் தடுமாறும். சாதாரணக் கொசுவலையின் கண்கள் மணல் ஈ நுழைந்துவிடும் அளவு பெரியவை. நெருக்கமான கண் கொண்டதாகவோ, பூச்சிமருந்து ஏற்றியதாகவோ இருந்தால் நல்லது. ஆனால் மருந்து ஏற்றிய வலையை மட்டும் நம்பிவிட முடியாது. இந்தியாவிலும் நேபாளத்திலும் கிராமம் கிராமமாக அவற்றைக் கொடுத்துச் செய்த பெரிய சோதனையின் முடிவு 2010-இல் வெளிவந்தபோது, காலா அசார் தொற்றைக் குறைப்பதில் அவை எதிர்பார்த்த கூடுதல் பலனைத் தரவில்லை என்றே தெரிந்தது. வீட்டுக்கு வெளியிலும், படுக்கப் போவதற்கு முன்பும் ஈ கடிப்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

கொட்டகைத் தரையில் புழுக்கையும் சருகும் மட்கிக் கிடக்க விடாமல் வாரத்தில் ஓரிரு முறை கூட்டி, வெயிலில் காயவிட்டு, தோட்டத்துக்கு எருவாக அனுப்புங்கள். கிடை போடும் கீதாரிகளைப் போல ஆடுகளை இடம் மாற்றிக் கட்ட வசதி இருந்தால் இன்னும் நல்லது. சுவர் வெடிப்புகளை இடுப்பு உயரம் வரையாவது பூசி, சுண்ணாம்பு அடியுங்கள்.

ஈயைப் பார்க்க எளிய வழி உண்டு. தடித்த வெள்ளைத் தாளில் ஆமணக்கெண்ணெயைப் பூசி, மாலையில் கொட்டகைச் சுவரை ஒட்டியும் வெடிப்புகளுக்கு அருகிலும் தொங்கவிட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். நாங்கள் பணியில் இருந்தபோது செய்ததும் இதுவே. ஒட்டியிருப்பவற்றில் மயிர் நிறைந்த, சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறமுள்ள சிறு ஈ இருந்தால், மெல்லிய தூரிகையால் எடுத்துச் சாராயத்தில் போட்டு வையுங்கள். ஆனால் அது எந்த இனம் என்பதை வீட்டில் கண்டுபிடிக்க இயலாது. தொண்டையும் பெண் ஈயின் விந்துப்பையும் நுண்ணோக்கியில் தெரிந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மாவட்டப் பூச்சியியல் அலுவலரிடம் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஈயின் மேல் இருக்கும் அச்சத்தில் பாதியாவது உங்கள் தண்ணீர் டிரம்மின் மேல் இருக்கட்டும். குடிநீரைப் பல நாள் சேமித்து வைக்கும் நம் ஊர்களில் டெங்குக் கொசு டிரம்மில் பெருகுகிறது. இராமேசுவரம் தீவில் சவுக்குத் தோப்புகளில் நீர் இறைக்கத் தோண்டிய குழிகளில் மலேரியாக் கொசு பெருகி நெடுங்காலம் தொல்லை கொடுத்திருக்கிறது. ஆட்டுக் கொட்டகையைக் கூட்டும் அதே நாளில் டிரம்மையும் தேய்த்துக் கழுவிக் காயவிட்டால் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

பரமக்குடி தோல் மருத்துவர்

மருத்துவரிடம் போகும்போது இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: அல் அஹ்ஸாவில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை தங்கினார், தோப்பில் வெளியில் படுத்தாரா, முதல் புண் எப்போது தெரிந்தது, உடன் இருந்தவர்களுக்கு என்ன சிகிச்சை கொடுத்தார்கள், இதுவரை தின்ற மாத்திரைகளின் பெயர்கள், சர்க்கரை அளவு. வெளிநாட்டில் இருந்த விவரத்தை நோயாளிகள் தாமாகச் சொல்வதில்லை, நாங்களும் சில நேரம் கேட்க மறந்துவிடுகிறோம். ஆகவே அதை முதல் வரியாக எழுதுங்கள். பரிசோதனைக்கு முந்தைய நாள் புண்ணில் களிம்பு எதுவும் தடவ வேண்டாம். மாதிரியைத் தடித்த ஓரத்திலிருந்து எடுக்கும்படியும், ஒரு தகட்டுக்குப் பதிலாக மூன்று நான்கு தகடுகள் தயாரிக்கும்படியும் கேட்டுக்கொள்ளலாம். அதை எந்த மருத்துவரும் தவறாக எண்ண மாட்டார். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.